ஹார்மோன் மரபணு மாறுபாடு: மகளுக்கும் சோதனை தேவையா?

கேள்வி: கேரளத்தில், தமிழக எல்லையோரம் உள்ள கொழிஞ்சாம்பாறை அருகே வசிக்கிறேன், வயது 34. இலவச முகாமில் என் எச்சிலை எடுத்துச் சென்ற ஆய்வகம், ஹார்மோன் தொடர்பான சி.ஒய்.பி.17 மரபணுவில் மாறுபாடு இருப்பதால் மார்பகப் புற்றுநோய் அபாயம் 20 சதவீதம் கூடுதல் என்று அறிக்கை தந்துள்ளது. அம்மா வழியில் யாருக்கும் இந்நோய் இல்லை. 13 வயது மகளுக்கும் சோதனை செய்யுமாறு முகவர் வற்புறுத்துகிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம், சகோதரி. அமெரிக்கக் கணக்குப்படி 30 வயதுப் பெண்கள் 1,000 பேரில் ஏறத்தாழ 5 பேருக்கு அடுத்த 10 ஆண்டுகளில் இந்நோய் வருகிறது. நம் நாட்டில் அதைவிடக் குறைவு. அறிக்கை முழுக்க உண்மை என்றே கொண்டாலும் அந்த 5 என்பது 6 ஆகும், அவ்வளவுதான். இந்த மாறுபாடு அபாயத்தைக் கூட்டுகிறது என்று 1997-இல் ஓர் ஆய்வு கூறியது. பின்னர் பல்லாயிரம் பெண்களிடம் நடந்த ஆய்வுகளில் அது உறுதிப்படவில்லை. இந்த மரபணு பங்கு கொண்டு உருவாகும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன், மாதவிலக்கு நிற்காத வயதில் ஒரே மாதத்துக்குள் தானாகவே பல மடங்கு ஏறி இறங்குகிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

மார்பக, சூலகப் (சினைப்பை) புற்றுநோயோடு தொடர்புள்ள பி.ஆர்.சி.ஏ. 1, 2 போன்ற சில மரபணுக்களின் பழுது வேறு விஷயம். அது அபாயத்தைப் பல மடங்கு கூட்டும். நீங்கள் அம்மா வழியை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் வருவோரில் பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். பழுது தந்தையிடம் இருந்தால், அவருக்கு நோயே வராவிட்டாலும், மகளுக்கு வந்து சேர வாய்ப்பு சரிபாதி. ஆகவே அத்தைமார், அப்பாவைப் பெற்ற பாட்டி ஆகியோரில் யாருக்கேனும் 50 வயதுக்குள் மார்பகப் புற்றுநோயோ, எந்த வயதிலேனும் சூலகப் புற்றுநோயோ வந்ததா என்று விசாரியுங்கள். 'வயிற்றுக் கட்டி' என்று மட்டும் வீட்டில் சொல்லி வைத்திருப்பார்கள். பழைய மருத்துவச் சீட்டைத் தேடிப் பாருங்கள். அத்தை மகனையே நீங்கள் மணந்திருந்தால், அந்த அத்தை உங்கள் மகளுக்குப் பாட்டி. மகளுக்கு இரு வழியிலும் அதே குடும்பம். அப்படி யாரேனும் இருந்தால், மருத்துவர் பரிந்துரையோடு முதலில் நோயுற்றவருக்கே சோதனை செய்ய வேண்டும்; மகளுக்கு அப்போதும் 18 வயது ஆகும்வரை தேவையில்லை.

முகாம் இலவசம் என்பார்கள், அடுத்த சோதனைக்கு விலை வைப்பார்கள். அறிக்கை ஆங்கிலத்தில், மருத்துவமனைப் படிவம் மலையாளத்தில் என்றிருக்கும்போது, தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த எல்லைப்புறப் பெண்ணுக்கு முகவர் விரல் வைத்துக் காட்டும் சிவப்பு வரி ஒன்றுதான் மிஞ்சுகிறது. தாலுகா மருத்துவமனையில் மரபணு ஆலோசனை சொல்ல ஓர் ஆளை அமர்த்தாத வரையில் கமிஷனுக்கு அலைபவரே ஆலோசகராக இருப்பார். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

மார்பில் கட்டியோ, காம்பில் இரத்தக் கசிவோ தெரிந்தால், எந்த அறிக்கை என்ன சொன்னாலும், அரசு மருத்துவமனை அறுவைச் சிகிச்சை நிபுணரிடம் உடனே காட்டுங்கள். இளவயதில் பெரும்பாலும் முதலில் அல்ட்ராசவுண்ட்தான் எடுப்பார்கள். மகளுக்கென முகவர் தந்த எச்சில் குப்பி இருந்தால் அதைத் திறக்காமல் திருப்பிக் கொடுங்கள். முன்பணம் கட்டியிருந்தால் ரசீது இல்லாமல் அவரை அனுப்பாதீர்கள்.