வலி இல்லாத நாளிலும் மாத்திரையா?

கேள்வி: மகளுக்கு லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் நோய்), எடை 60 கிலோ. அதற்குத் தரும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை கண்ணைக் கெடுக்குமாமே, வலி இல்லாதபோது நிறுத்தலாமா?
- வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: நிறுத்த வேண்டாம். வலி அடங்கியிருப்பதில் அந்த மாத்திரைக்கும் பங்குண்டு. விட்டால் நோய் மீண்டும் கிளம்பி சிறுநீரகத்தையும் தாக்கலாம். கண் பாதிப்பு அளவையும் ஆண்டுகளையும் பொறுத்தது. கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராம் வரம்பு. உங்கள் மகளுக்கு 300 மில்லிகிராம். ஒருநாள் 200, மறுநாள் 400 என்று தருவது இதற்காகத்தான். தொடக்கத்தில் ஒரு விழித்திரைப் பரிசோதனை, 5 ஆண்டுக்குப்பின் ஆண்டுதோறும். சிறுநீரகம் பழுதானால் முன்னதாகவே. பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையும் சாப்பிட்டால் அதையும் திடீரென நிறுத்தக்கூடாது.

வெயிலின் புற ஊதாக் கதிர் லூபஸைத் தூண்டும்; சிங்கப்பூரில் மேகம் மூடினாலும் அது விடாது. எஸ்பிஎஃப் 50 சன்ஸ்கிரீன் களிம்பை 2 மணிக்கொருமுறை பூசட்டும். சிறுநீர் நுரைத்தால், கால் வீங்கினால் சிறுநீரகம் தாக்கப்பட்டிருக்கலாம்; அடுத்த அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காதீர்கள்.