முன்னேற்ற அறிக்கைக்கு ஒரு தேதி, யூசிக்கு வேறு தேதி

கேள்வி: மதுரையில் ஓர் அரசு உதவிபெறும் கல்லூரியில் வேதியியல் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். மத்திய அரசு நிதியில் மூன்று ஆண்டு ஆய்வுத் திட்டம் கிடைத்து, போன அக்டோபர் 14-ல் முதல் தவணை கல்லூரியின் வங்கிக் கணக்குக்கு வந்தது. திட்டத்தின் இளநிலை ஆய்வாளர் (ஜே.ஆர்.எஃப்) ஏப்ரல் 1-ல்தான் சேர்ந்தார். பொட்டென்ஷியோஸ்டாட் என்ற மின்வேதியியல் கருவி மார்ச்சில் வந்துவிட்டது, பணம் ஏப்ரலில்தான் கொடுத்தோம். கட்டுரை எதுவும் இன்னும் வெளிவரவில்லை. முதலாண்டு அறிக்கைக்கு நாள் நெருங்குகிறது. எந்தத் தேதி வரை எழுதுவது? செய்யாததை எப்படிச் சொல்வது? தணிக்கை முடியாமல் யூசியில், அதாவது நிதிப் பயன்பாட்டுச் சான்றிதழில், கையெழுத்துப் போட முடியாது என்கிறார் முதல்வர். அவர் வரும் மே மாதம் ஓய்வு பெறுகிறார்.

பதில்: முதலில் தேதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம், உங்கள் மற்ற சந்தேகங்களில் பாதி அதிலிருந்துதான் கிளம்புகிறது. முன்னேற்ற அறிக்கை திட்ட ஆண்டுக்கானது, அதாவது போன அக்டோபர் 14 முதல் இந்த அக்டோபர் 13 வரை. யூசியும் செலவுக் கணக்கும் நிதியாண்டுக்கானவை, அதாவது ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. உங்கள் முதல் யூசி ஐந்தரை மாதக் கணக்கைத்தான் காட்டும், அடுத்தது முழு ஆண்டுக்கு. திட்டம் தொடங்கிய நாள் எது என்பதை மட்டும் ஒப்புதல் ஆணையில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஆணையின் தேதியா, பணம் வரவான தேதியா என்பது அதில் இருக்கும், அங்கே என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் கணக்கு.

இப்போது இதை உங்கள் விஷயத்தில் பொருத்திப் பாருங்கள். ஜே.ஆர்.எஃப் உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். மத்திய அரசின் வாடகைப்படி வகைப்பாட்டில் மதுரை ஒய் பிரிவு நகரம் என்பதால் வீட்டு வாடகைப்படி 20 சதவீதம், 7,400. ஆக மாதம் 44,400, ஆண்டுக்கு 5,32,800. மார்ச் 31 வரைக்குமான யூசியில் இந்தச் செலவுத் தலைப்பில் பூஜ்யம், ஏனென்றால் ஆள் ஏப்ரலில்தான் வந்தார். ஆனால் அக்டோபரில் போகிற முன்னேற்ற அறிக்கையில் "ஜே.ஆர்.எஃப் இன்னின்ன சோதனைகளைச் செய்தார்" என்று எழுதப் போகிறீர்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கிறவருக்கு முதலில் தோன்றுவது, சம்பளமே வாங்காத ஆள் எப்படி வேலை செய்தார் என்பதுதான். அவர் சேர்ந்த தேதியை அறிக்கையில் ஒரு வரியில் சொல்லி, ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 2,66,400 கொடுத்திருக்கிறோம், அது அடுத்த யூசியில் வரும் என்று எழுதிவிட்டால் கேள்வியே எழாது. எழுதாவிட்டால் ஒரு விளக்கக் கடிதம் வரும், நீங்கள் பதில் போடுவீர்கள், அது யார் மேசையிலாவது கிடக்கும், இரண்டாம் தவணை அதற்குப் பின்னால் நிற்கும்.

என் அனுபவத்தில் தவணை நிற்பது வேலை தாமதமானதால் அல்ல, இரண்டு தாள்களும் ஒன்றோடொன்று பேசாததால்தான். தாமதம் எல்லாருக்கும் ஆகிறது, மதிப்பிடுகிறவரும் ஒரு பேராசிரியர்தான், அவருடைய கருவியும் சுங்கத்தில் மாட்டியிருக்கும்.

கருவிக்கு வருவோம், இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். கொள்முதல் ஆணை போட்டாச்சு, பெட்டி வந்தாச்சு, பொருத்தியும் ஆச்சு, அதனால் செலவு ஆகிவிட்டது என்று நினைத்து மார்ச் கணக்கிலேயே சேர்த்துவிடுகிறார்கள். பணம் வங்கியிலிருந்து போகாத வரை அது செலவு இல்லை. மார்ச் 31-ல் உங்கள் கருவித் தலைப்பு பூஜ்யம்தான், முழுத்தொகையும் செலவாகாத மீதி. அதன் பக்கத்திலேயே இவ்வளவு தொகைக்கு ஆணை போடப்பட்டது, ஆணை எண் இது, பொருள் வந்த தேதி இது என்று கடமைப்பட்ட செலவாகக் குறிப்பிடுங்கள். செலவுக் கணக்குப் படிவத்தில் அதற்குத் தனியாக ஒரு கட்டம் இருந்தால் அதில், இல்லாவிட்டால் கீழே குறிப்பாக. முன்னேற்ற அறிக்கையில் கருவி பொருத்திய தேதியையும் பணம் கொடுத்த தேதியையும் இரண்டையுமே போடுங்கள். ஸ்டாக் ரெஜிஸ்டரில் ஏற்றிய பக்க எண்ணையும் இப்போதே குறித்து வையுங்கள், திட்டம் முடியும்போது சொத்துப் பட்டியல் கேட்பார்கள்.

ஒரு விஷயத்தில் தப்பித்தீர்கள். உங்கள் பணம் கல்லூரிக் கணக்குக்கே வந்ததால் மார்ச் 31 தாண்டியும் அங்கேயே இருந்தது. இப்போது பல திட்டங்களில் பணம் டி.எஸ்.ஏ எனும் ஒற்றைக் கருவூலக் கணக்கு வழியாக வருகிறது. கல்லூரிக்குக் கிடைப்பது பணம் அல்ல, இவ்வளவு வரை செலவு செய்யலாம் என்கிற வரம்பு. நிதியாண்டு முடிவதற்குள் செலவழிக்காத வரம்பு காலாவதியாகிவிடும், மறுபடி கேட்டு வாங்க வேண்டும். அடுத்த தவணை உங்களுக்கும் அப்படி வரலாம். அப்படி வந்தால் மார்ச்சில் வந்த பெட்டிக்கு ஏப்ரலில் பணம் கொடுக்கிற பழக்கம் செல்லாது, டிசம்பரிலேயே கொள்முதலை முடித்துவிடுங்கள்.

ஆனால் கல்லூரிக் கணக்கில் இருந்த பணத்துக்கு வட்டி சேர்ந்திருக்கும், அதை மறக்காதீர்கள். மத்திய அரசின் பொது நிதி விதிகள் (ஜி.எஃப்.ஆர்) 2017-ல் விதி 230(8) தெளிவாகச் சொல்கிறது: மானியத்தில் வந்த வட்டியைக் கணக்கு முடித்ததும் இந்தியத் தொகுப்பு நிதியில் கட்டிவிட வேண்டும், அடுத்த தவணையில் கழித்துக்கொள்ள முடியாது. மத்திய அரசுக்குப் பணம் கட்டும் பாரத்கோஷ் தளத்தில் கட்டி ரசீதை யூசியோடு இணைக்க வேண்டும். சில கல்லூரிகளில் பத்துத் திட்டங்களின் பணமும் ஒரே சேமிப்புக் கணக்கில் கிடக்கும், எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு வட்டி என்று பிரிக்க அலுவலகத்தில் ஆளே இருக்காது. உங்கள் கல்லூரியும் அப்படியென்றால் இப்போதே கண்காணிப்பாளரிடம் போய் உட்காருங்கள். வட்டி பூஜ்யம் என்று எழுதி அனுப்புவது வேண்டாம், சேமிப்புக் கணக்கில் பல லட்சம் கிடந்தும் வட்டி வரவில்லை என்றால் யார் நம்புவார்கள்?

யூசி படிவம் ஜி.எஃப்.ஆர் 12-ஏ. சீனியர்களிடம் வாங்கிய பழைய கோப்பில் 19-ஏ என்று இருந்தால் அது 2017-க்கு முந்தையது, தூக்கிப் போடுங்கள். அதேபோல எஸ்.இ.ஆர்.பி (அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியம்) பெயரில் இருக்கிற படிவங்களையும் அப்படியே நிரப்பாதீர்கள். அந்த வாரியம் 2023-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குள் போய்விட்டது. உங்களுக்கு நிதி தரும் அமைப்பின் தளத்தில் இன்று என்ன படிவம் இருக்கிறதோ அதை எடுங்கள். 12-ஏ-வில் பணக்கணக்கு மட்டும் இல்லை, பணத்துக்கு ஏற்ற வேலை நடந்தது என்று சான்றளிக்கும் வரிகளும் உண்டு. கீழே கையெழுத்துப் போடுகிறவர் அதற்கும் சேர்த்துத்தான் பொறுப்பேற்கிறார். உங்கள் முதல்வர் தயங்குவதில் நியாயம் இல்லாமல் இல்லை.

அவரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். விதி 238-ன்படி நிதியாண்டு முடிந்து பன்னிரண்டு மாதத்துக்குள் யூசி போக வேண்டும், அது வெளி எல்லை. ஆனால் அடுத்த தவணை வேண்டுமென்றால் அதுவரை காத்திருக்க முடியாது. பொதுவாக நிதி தரும் அமைப்புகள் தணிக்கை ஆகாத தற்காலிக யூசியை, அப்படியென்று அதன் தலைப்பிலேயே குறித்திருந்தால், தொடர் தவணைக்கு ஏற்கின்றன. தணிக்கை ஆனது பின்னால் போகலாம். இறுதிக் கணக்குக்குத் தணிக்கை ஆனதுதான் வேண்டும். உங்கள் திட்ட அதிகாரிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, தற்காலிக யூசி போதுமா என்று கேட்டு, வருகிற பதிலை அச்செடுத்து முதல்வரிடம் கொடுங்கள். வாய்மொழியாக நீங்கள் சொல்வதைவிட அந்த ஒரு தாளுக்கு மதிப்பு அதிகம்.

அப்புறம், செய்யாததை எப்படி எழுதுவது. விண்ணப்பத்தில் நீங்கள் கொடுத்த நோக்கங்களை அப்படியே, அதே வரிசையில், அதே வார்த்தைகளில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் கீழே நடந்ததை எழுதுங்கள். நடக்காததற்குக் கீழே "தொடங்கவில்லை, கருவி மார்ச்சில்தான் வந்தது, நவம்பரில் தொடங்கும்" என்று எழுதினால் போதும். "பூர்வாங்க இலக்கிய ஆய்வு சிறப்பாக நடைபெற்று வருகிறது" மாதிரியான வரிகளை நான் படிக்கும்போது, இங்கே ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வேன், மற்றவர்களும் அப்படித்தான். வேலை செய்யாமல் போன சோதனையை விட்டுவிடாதீர்கள். ஒரு மின்முனைப் பூச்சு நிலைக்கவில்லை, அதனால் வேறு பூச்சுக்கு மாறினோம் என்பதும் முன்னேற்றம்தான். அதோடு, நோக்கம் மாறினால் காரணம் இப்போதே பதிவில் இருக்க வேண்டும், மூன்றாம் ஆண்டில் போய் விளக்க முடியாது.

முதலாண்டில் கட்டுரை இல்லையென்றால் இல்லை என்றே போடுங்கள். ஆசை காட்டும் ஒரு வழி உண்டு: உங்கள் பழைய ஆய்விலிருந்து அந்த ஆண்டில் வந்த கட்டுரைகளைப் பட்டியலில் சேர்ப்பது. திட்டத்தின் கோப்பு எண் நன்றியுரையில் இல்லாத கட்டுரை இந்தத் திட்டத்தின் கட்டுரை ஆகாது, மதிப்பிடுகிறவர் ஒரு நிமிடத்தில் திறந்து பார்த்துவிடுவார். மாநாட்டில் வைத்த சுவரொட்டி, அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் கையெழுத்துப்படி, இவற்றை நிலை குறிப்பிட்டுத் தனியாகக் காட்டலாம்.

ஆறு மாதச் சம்பளம் மிச்சமாகிறதே, அதை ரசாயனத்துக்கு மாற்றலாமா என்று தோன்றும். ஒரு செலவுத் தலைப்பின் பணத்தை இன்னொன்றுக்கு மாற்ற முன் அனுமதி வேண்டுமா, எவ்வளவு வரை கல்லூரியே மாற்றிக்கொள்ளலாம் என்பது ஒவ்வொரு திட்டத்திலும் வேறு. கருவிப் பணத்தைத் தொடர்செலவுக்குத் திருப்புவதை மட்டும் கேட்காமல் செய்யவே செய்யாதீர்கள். என் யோசனை, அந்தச் சம்பளத்தைத் தொடாமல் விடுங்கள். மூன்றாம் ஆண்டு முடிவில் கூடுதல் நிதி இல்லாத கால நீட்டிப்புக் கேட்பீர்கள், அப்போது ஜே.ஆர்.எஃப்-ஐ இன்னும் ஆறு மாதம் வைத்துக்கொள்ள அந்தப் பணம்தான் கைகொடுக்கும். தாமதமாகச் சேர்ந்தார் என்று முதலாண்டு அறிக்கையிலேயே பதிவாகியிருந்தால் நீட்டிப்புக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

முதல்வர் மே மாதம் ஓய்வு பெறுகிறார் என்பதை நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் முதல் அவசரமாகப் படுகிறது. தான் பொறுப்பில் இல்லாத ஆண்டின் கணக்கில் கையெழுத்துப் போட புதியவர் எவரும் யோசிப்பார். தற்காலிக யூசியை இந்த மாதமே அனுப்புங்கள், தணிக்கை ஆன யூசியில் மார்ச் முடிவதற்குள் இவர் கையெழுத்தையே வாங்கிவிடுங்கள். அடுத்த மார்ச் 31 கணக்கையும் ஏப்ரல் முதல் வாரத்திலேயே தயார் செய்து, தற்காலிகமாகவாவது, அவர் நாற்காலியில் இருக்கும்போதே முடித்துக்கொள்ளுங்கள்.