தோட்டம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஊதாப் பூவுக்காக விட்டுவைத்த பட்டாசுக்காய்ச் செடி பாத்தி முழுக்கப் பரவிவிட்டது. பிடுங்கப் பிடுங்க முளைக்கிறதே?

பதில்: தண்டைப் பிடித்து இழுத்தால் தண்டுதான் கையோடு வரும், கிழங்கு போலத் தடித்த வேர்கள் உள்ளேயே தங்கி, மறுபடி துளிர்க்கும். தோண்டித்தான் எடுக்க வேண்டும். தோண்ட வசதியாக மண்ணை நனைக்கலாம். ஆனால் அதற்கு முன் காய்களைப் பறித்துவிடுங்கள். முற்றிக் காய்ந்த காயில் ஈரம் பட்டால் போதும், வெடித்து விதைகளைத் தூர எறியும். பலரும் முதலில் குழாயைத் திறந்துவிட்டு, தாங்களே விதைத்தவர்களாகி விடுகிறார்கள்.

வெயில் நேரத்தில், செடி காய்ந்திருக்கும்போது, காய்களைக் காம்போடு கத்தரித்து ஒரு பையில் போட்டுக் கட்டுங்கள். பிறகு பாத்தியை நனைத்து, மறுநாள் செடியைச் சுற்றி அரைச் சாண் தள்ளிக் கடப்பாரையை இறக்கி, மண்கட்டியோடு நெம்பி எடுங்கள். நனைந்த விதையின் மேல் பசை போன்ற ஒரு படலம் உண்டாகி, செருப்பிலும் மண்வெட்டியிலும் ஒட்டிக்கொள்ளும். அடுத்த பாத்திக்குப் போகும் முன் இரண்டையும் கழுவிவிடுங்கள். முன்பே விழுந்த விதைகள் மழைக்கு மழை முளைக்கும். வேர் தடிக்காத நாற்றாக இருக்கும்போதே பிடுங்கினால் வேலை சுலபம்.

கேள்வி: இளஞ்சிவப்புப் பூ பூக்கும் புளியாரையைக் கொத்தக் கொத்த அதிகமாகிறது. ஏன்?

பதில்: கொத்துவதால்தான். அதன் அடிக்குமிழைச் சுற்றிச் சின்னச் சின்னக் குமிழ்கள் ஒட்டியிருக்கும்; களைக்கொத்து பட்டதும் அவை உதிர்ந்து, ஒவ்வொன்றும் ஒரு செடியாகும். உதறவும் கூடாது. பூ வருவதற்கு முன்பே, சுற்றியுள்ள மண்ணையும் சேர்த்து அள்ளிச் சல்லடையில் சலியுங்கள். மற்ற செடிகளின் வேருக்கிடையே தோண்ட முடியாத இடங்களில், இலை தலைகாட்டும்போதெல்லாம் கிள்ளிக்கொண்டே இருங்கள். குமிழின் சேமிப்பு கரைய ஒரு பருவத்துக்கு மேலும் ஆகலாம்; இடையில் விட்டால் பட்ட பாடு வீண். மஞ்சள் பூ பூத்துத் தரையில் படரும் புளியாரைக்குக் குமிழ் கிடையாது. அது கணுவில் வேர்விடும், காய் வெடித்து விதை பரப்பும். எனவே காய் பிடிக்கும் முன் எடுத்தாலே பெரும்பாலும் அடங்கும்.

கேள்வி: மஞ்சள் பூவோடு தரையில் படரும் அழகுச்செடியான வெடேலியாவைக் கத்தரித்து உரக்குழியில் போடலாமா?

பதில்: வேண்டாம். உலகின் மோசமான 100 ஊடுருவும் உயிரினங்கள் என அனைத்துலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் தொகுத்த பட்டியலில் உள்ள செடி இது. பெரும்பாலும் தண்டுத் துண்டுகளால்தான் பரவுகிறது. கணுவுள்ள ஒரு துண்டு ஈர மண்ணில் கிடந்தாலே வேர்விடும். வெட்டியதை மண் படாத தரையில் பரப்பி, ஒடித்தால் முறியும் அளவுக்குக் காயவைத்த பிறகு உரக்குழிக்குப் போகட்டும்.

கேள்வி: மூடாக்குப் போட்டால் இவையெல்லாம் போய்விடுமா?

பதில்: 7 முதல் 10 செ.மீ. கனத்துக்குச் சருகு பரப்பினால் விதை நாற்றுகள் வெகுவாகக் குறையும். கிழங்கையும் குமிழையும் அது தடுக்காது. அவற்றைத் தோண்டி எடுத்த பிறகே மூடாக்கு.