கேரட்டில் துரு: இரும்பை எடுக்க மருந்து உண்டா?

கேள்வி: அரை ஏக்கரில் கேரட்டும் பீட்ரூட்டும் விதைத்து 70 நாள் ஆகிறது. அடி இலைகளில் செம்பு நிறத்தில் புள்ளி, கொழுந்து வெளிறியிருக்கிறது. பிடுங்கிப் பார்த்தால் கேரட் விரல் பருமன்கூட இல்லை, நுனி கவையாகி, துரு பூசினாற்போல் இருக்கிறது. இரும்புச்சத்துக் குறைவு என்று கடையில் நுண்ணூட்டக் கலவை கொடுத்தார்கள். இரண்டு முறை தெளித்தும் மோசமாகிறது. போர் தண்ணீர் ஓடும் வாய்க்காலெல்லாம் துரு. மண்ணில் இரும்பு கூடிவிட்டதா, அதை எடுக்க என்ன மருந்து?

பதில்: முதலில் அந்தக் கலவையை நிறுத்துங்கள். இரும்பை மண்ணிலிருந்து எடுக்கிற மருந்து கிடையாது, உண்டு என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

சாதாரண மண்ணிலேயே எடையில் நூற்றுக்கு 1 முதல் 5 பங்கு இரும்புதான். காற்றோட்டம் இருக்கும்வரை அது துருவாக உறைந்து கிடக்கும், செடியை ஒன்றும் செய்யாது. தண்ணீர் தேங்கி மண்ணுக்கு மூச்சு முட்டும்போதுதான் கரைந்து வேருக்குள் ஏறுகிறது, மண் புளிப்பாக இருந்தால் இன்னும் வேகமாக. ஏறியது அடி இலையில் சேர்ந்து திசுவைச் சுடுவதுதான் அந்தச் செம்புப் புள்ளி. வேர்நுனி கருகினால் கேரட் பக்கத்தில் கிளைவிடும். வேரில் படிந்த துரு மணிச்சத்தை (பாஸ்பரஸை)ப் பிடித்துவைத்துக்கொள்ளும். மாங்கனீசும் துத்தநாகமும் உள்ளே போவது குறைந்து கொழுந்து வெளிறும். கொழுந்து வெளிறினால் இரும்பு என்று ஒரே பாடத்தைப் படித்து வைத்திருக்கிற கடைக்காரர், இரும்பு மிஞ்சிய செடிக்கே இரும்பை விற்றுவிட்டார்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, தண்ணீர் ஏன் இறங்கவில்லை என்பதை. குழி வெட்டினீர்களா? நோயுள்ள இடத்தில் ஒன்று, நன்றாக இருக்கிற மேட்டு மூலையில் ஒன்று, ஒன்றரை அடி ஆழம் போதும். வெட்டிய பக்கத்தைப் பாருங்கள். மண் சாம்பல்நீலமாக இருந்து, பழைய வேர் போன தடமெல்லாம் செந்நிறக் கோடாகத் தெரிந்து, அழுகின முட்டை வாடையும் அடித்தால் வேறு சாட்சி வேண்டாம். ஒரு சாண் ஆழத்தில் மண்வெட்டி இறங்க மறுத்தால் அடியில் கெட்டித்தட்டு, அதாவது இறுகிப்போன மண் அடுக்கு, இருக்கிறது, கேரட் கவையாக அது ஒன்றே போதும். நானே ஒரு முறை வெளிறின பீட்ரூட்டுக்கு அன்னபேதி உப்பை, அதாவது இரும்பு சல்பேட்டைக் கரைத்துத் தெளித்துவிட்டு, ஒரு வாரம் கழித்துத்தான் மண்வெட்டியை எடுத்தேன். குழியில் தண்ணீர் ஊறி நின்றது. அந்தப் போகம் போயிற்று. அதிலிருந்து குழி வெட்டாதவருக்கு நான் உரம் சொல்வதில்லை, கோபித்துக்கொள்கிறார்கள், பரவாயில்லை.

இலைப் பரிசோதனைக்கு அனுப்புவதென்றால் கழுவி அனுப்புங்கள். துருத்தண்ணீர் காய்ந்த இலையில் இரும்பு எப்போதும் அதிகமாகத்தான் காட்டும்.

இப்போதைக்குப் பாசனத்தை நிறுத்தி, மேட்டுப் பார்களுக்கு நடுவே வாய்க்காலை ஆழப்படுத்தி, தாழ்ந்த மூலையில் வடிய விடுங்கள். போர் தண்ணீரை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து இரவு முழுக்கத் திறந்து வையுங்கள். தெளிவாக வந்தது காலையில் சிவந்து அடியில் படிந்தால் கரைந்த இரும்பு நிறைய இருக்கிறது. லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் போனால் பாசனத்துக்கே யோசிக்க வேண்டும், சொட்டுநீர்க் குழாய் 1.5க்கே அடைத்துக்கொள்ளும். உயரத்திலிருந்து தொட்டியில் விழவிட்டு, ஒரு இரவு தெளியவைத்து, மேல்தண்ணீரை மட்டும் எடுங்கள். இலைமேல் படவிடாதீர்கள்.

சுண்ணாம்பு அடுத்த போகத்துக்கு. மண் பரிசோதனையில் பி.எச். (புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு) 5.5க்குக் கீழே இருந்தால், அளவு கேட்டுக்கொண்டு விதைப்புக்கு முன்பே மண்ணில் கலந்துவிடுங்கள். கெட்டித்தட்டு இருந்தால் உளிக்கலப்பை ஓட்டி அதை உடைத்து, ஒரு அடி உயரப் பார் பிடியுங்கள்.

கவையான கேரட் இனி நேராகாது. பீட்ரூட்டை மட்டும் வடிகால் விட்ட பத்தாம் நாள் ஒன்றிரண்டு பிடுங்கிப் பாருங்கள். வெள்ளையாகப் புதுச் சல்லிவேர் விட்டிருந்தால் விட்டுவையுங்கள், பழுப்பாகவே இருந்தால் உழுதுவிட்டு நிலத்தைக் காயப்போடுங்கள்.