சென்னையில் வீட்டுக் குப்பையைப் பிரிப்பது எப்படி? பால் கவர் எதில் சேரும்?

2026-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டிலேயே நான்காகப் பிரிக்கச் சொல்கின்றன: ஈரக் குப்பை, உலர் குப்பை, நாப்கின் போன்ற சுகாதாரக் கழிவு, தனிக் கவனம் தேவைப்படும் கழிவு. பச்சைத் தொட்டியில் காய்கறித் தோல், மிச்சச் சோறு, காபித் தூள் சக்கை, வாடிய பூ. நீலத்தில் காகிதம், பிளாஸ்டிக், கண்ணாடி, தகரம்.

பால் கவர் நீலத்தில்தான் சேரும். ஆனால் கழுவிக் காயவைத்துப் போடுங்கள். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரு கவரில் தங்கிய பால் பக்கத்திலிருக்கும் செய்தித்தாளையும் அட்டைப்பெட்டியையும் நனைத்துவிடும். பாலோ எண்ணெயோ குழம்போ ஊறிய காகிதத்தை மறுசுழற்சிக்கு எடுக்க மாட்டார்கள். கவரின் மூலையைத் துண்டாக வெட்டி எறியாமல், கவரோடு ஒட்டியிருக்கும்படி கீறினால் இன்னும் நல்லது. அந்தச் சின்னத் துண்டைத் தேடி எடுப்பது நடக்காத காரியம்.

டியூப்லைட், பேட்டரி, காலாவதி மாத்திரை, ஊசி ஆகியவற்றைத் தனியாகக் கொடுங்கள். நாப்கின், டயப்பரைக் காகிதத்தில் நன்றாகச் சுற்றிக் கொடுங்கள். உடைந்த கண்ணாடியையும் அப்படித்தான். தூய்மைப் பணியாளர் அதைக் கையால்தான் பிரிக்கிறார், இதில் மட்டும் தயவுசெய்து அலட்சியம் வேண்டாம்.

பழைய பேப்பர், இரும்பு, பாட்டிலை வண்டியில் போடாமல் காயலான் கடைக்கே கொடுக்கலாம். பிரிக்காமல் கொடுப்பதில் பெரும்பகுதி பெருங்குடி அல்லது கொடுங்கையூர் குப்பைக் கிடங்குக்குத்தான் போய்ச் சேரும்.