கேபிள் போய் ஓடிடி வந்தாச்சு... காசு யாருக்குப் போகிறது?
பங்கு முதலீடு: வாசகர் கேள்வி - பதில்

எங்கள் தெருவில் பாதி வீடுகளில் கேபிளைத் துண்டித்துவிட்டார்கள். எல்லோரும் ஜியோஹாட்ஸ்டார்தான் பார்க்கிறார்கள். அந்தப் பங்கில் 2 லட்சம் ரூபாய் போடலாமா? எப்படி வாங்குவது?
*வாசகர், திருப்பூர்*

ஜியோஹாட்ஸ்டார் என்று தனிப் பங்கு சந்தையில் கிடையாது. வயாகாம்18-ம் ஸ்டார் இந்தியாவும் 2024 நவம்பரில் இணைந்து உருவான ஜியோஸ்டார்தான் அதை நடத்துகிறது. அதில் டிஸ்னிக்கு 36.84%, மீதி ரிலையன்ஸிடமும் அதன் கட்டுப்பாட்டில் உள்ள வயாகாம்18-இடமும் இருக்கிறது. அதற்காக ரிலையன்ஸ் பங்கை வாங்கினால், சுத்திகரிப்பு ஆலை, தொலைத்தொடர்பு, சில்லறைக் கடைகள் எல்லாம் சேர்ந்தே உங்கள் கைக்கு வரும். மீடியா அதில் சிறு பங்குதான்.

உங்கள் தெருவில் நீங்கள் பார்த்தது சரிதான். அமெரிக்காவில் 2025 மே மாதம் நீல்சன் எடுத்த கணக்கில், டிவி பார்க்கும் நேரத்தில் ஸ்ட்ரீமிங்கின் பங்கு 44.8%. கேபிளும் பிராட்காஸ்டும் (ஆன்டெனா வழி வரும் டிவி) சேர்ந்தே 44.2%தான். ஆனால், மக்கள் மாறுவது ஒன்று, பங்குதாரருக்குக் காசு வருவது வேறு. 2022 ஜூனில் ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை ஐந்து ஆண்டுகளுக்கு 48,390 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது. இந்திய டிவி உரிமை 23,575 கோடி. டிஜிட்டல் உரிமை, சிறப்புப் போட்டிகளுக்கான தொகுப்பையும் சேர்த்து, 23,758 கோடி. அவ்வளவு கொடுத்து வாங்கிய டிஜிட்டல் உரிமையை 2023 சீசனில் வயாகாம்18-இன் ஆப்பான ஜியோசினிமா இலவசமாகவே காட்டியது. அந்த உரிமையை இழந்த, அப்போது டிஸ்னியின் கையில் இருந்த ஹாட்ஸ்டாரின் சந்தாதாரர்கள் ஓராண்டில் 6.13 கோடியிலிருந்து 3.76 கோடியாகக் குறைந்தார்கள். இதில் நிச்சயமாகச் சம்பாதித்தது கிரிக்கெட் வாரியம். அதன் பங்கை வாங்க வழியில்லை.

அதனால் எந்த ஓடிடி கம்பெனியைப் பார்த்தாலும், 'எத்தனை பேர் பார்க்கிறார்கள்' என்பதை விட்டுவிட்டு, 'வந்த காசை யாருக்குக் கொடுக்கிறார்கள்' என்று முதலில் கேளுங்கள். 2 லட்சத்தையும் இந்த ஒரே துறையில் போட வேண்டாம் என்பது என் திடமான கருத்து.

சன் டிவி, ஜீ இரண்டுக்கும் சொந்த ஆப் இருக்கிறது. பங்கு விலையை லாபத்தோடு ஒப்பிடும் பி/இ விகிதமும் குறைவு. இவை ஓடிடி பங்குகள்தானே?
*வாசகி, கும்பகோணம்*

இல்லை. ஆப் வைத்திருக்கும் டிவி கம்பெனிகள். விளம்பரம் டிவியை விட்டு நகர்ந்தால் முதல் அடி இவற்றுக்குத்தான். பி/இ குறைவாக இருப்பதற்கும் அந்தப் பயம்தான் பெரிய காரணம்.

ஒரு நோட்டில் கடைசி எட்டு காலாண்டுகளை எழுதி, பக்கத்தில் விளம்பர வருமானம், சந்தா வருமானம் என இரண்டு பத்தி போடுங்கள். ஜீ தன் காலாண்டு அறிக்கைகளில் தன் ஆப்பான ஜீ5-இன் வருமானத்தையும் லாப நஷ்டத்தையும் தனியாகச் சொல்கிறது. அதற்கு மூன்றாவது பத்தி. விளம்பரத்தில் 100 ரூபாய் குறையும்போது ஆப் கூடுதலாக 30 ரூபாய்தான் கொண்டுவருகிறது என்றால், மாற்றத்தில் இந்தக் கம்பெனி தோற்றுக்கொண்டிருக்கிறது.

சன் டிவி கணக்கில் பலர் தவறுவது ஓர் இடத்தில். சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணி அவர்களுடையது. ஐபிஎல் வருமானத்தின் பெரும்பகுதி ஜூன் காலாண்டில் விழும். அதை முந்தைய மார்ச் காலாண்டுடன் ஒப்பிட்டு 'அமோக வளர்ச்சி' என்று நினைத்துவிடாதீர்கள். ஜூனுக்கு ஜூன்தான் ஒப்பிட வேண்டும்.

இணைப்புச் செய்தியை நம்பியும் வாங்காதீர்கள். 2021 டிசம்பரில் கையெழுத்தான ஜீ - சோனி இணைப்பு 2024 ஜனவரியில் முறிந்தது. அடுத்த வர்த்தக நாளிலேயே ஜீ பங்கு சுமார் 30% சரிந்தது.

லாபம் காட்டும் ஸ்ட்ரீமிங் கம்பெனி ஏன் கடன் வாங்குகிறது?
*வாசகர், மதுரை*

நல்ல கேள்வி, இந்தத் துறையின் மூலாதாரமே இதுதான். ஒரு கம்பெனி 100 கோடி செலவழித்து ஒரு தொடர் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். படப்பிடிப்பு நடக்கும்போதே 100 கோடியும் வெளியே போய்விடும். லாப நஷ்டக் கணக்கிலோ அந்தச் செலவை ஒரேயடியாக எழுத மாட்டார்கள். தொடர் வெளியான பிறகு, முதல் ஆண்டில் அதிகமாகவும் பிறகு குறைவாகவும் பிரித்து எழுதுவார்கள். நெட்ஃபிளிக்ஸ் சராசரியாக 90 சதவீதத்துக்கும் மேல் நான்கு ஆண்டுகளுக்குள் எழுதி முடிப்பதாகச் சொல்கிறது.

விளைவைப் பாருங்கள். 2019-இல் நெட்ஃபிளிக்ஸ் காட்டிய நிகர லாபம் சுமார் 187 கோடி டாலர். அதே ஆண்டில் ஃப்ரீ கேஷ் ஃப்ளோ, அதாவது செலவெல்லாம் போகக் கையில் மிஞ்சும் ரொக்கம், மைனஸ் 330 கோடி டாலருக்குப் பக்கம். இடைவெளியைக் கடன் பத்திரங்கள் அடைத்தன.

ஆண்டறிக்கையில் கேஷ் ஃப்ளோ பக்கத்துக்குப் போங்கள். 'கன்டென்ட்டுக்காகச் செலவிட்ட ரொக்கம்' ஒரு வரி. 'கன்டென்ட் அமார்டைசேஷன்', அதாவது அந்த ஆண்டுக் கணக்கில் பிரித்து எழுதிய செலவு, இன்னொரு வரி. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 1.1 அளவில் வந்தால் கவலையில்லை. நெட்ஃபிளிக்ஸே அந்த அளவைத்தான் குறியாக வைத்திருக்கிறது. பல ஆண்டுகள் 1.5-க்கு மேல் நின்றால், இன்றைய லாபத்துக்கான செலவு நாளைய கணக்கில் காத்திருக்கிறது. விகிதம் திடீரென இறங்கினாலும் ஏன் என்று பாருங்கள்: 2023-இல் ஹாலிவுட் வேலைநிறுத்தத்தால் படப்பிடிப்பு நின்றதும் அந்த ஆண்டு ரொக்கம் கூடுதலாகத் தெரிந்ததற்கு ஒரு காரணம்.

இந்தியக் கம்பெனிகளில் பட உரிமைகள் 'இன்வென்ட்டரி' (கையிருப்பு) அல்லது 'இன்டேஞ்சிபிள் அசெட்ஸ்' (தொட்டுப் பார்க்க முடியாத சொத்துகள்) தலைப்பில் இருக்கும். வருமானம் ஏறாமல் அந்தத் தொகை மட்டும் ஏறினால் ஒதுங்கிவிடுங்கள்.

படம் எடுக்காமல், ஸ்ட்ரீமிங்குக்குக் கருவி விற்கும் கம்பெனிகள் பாதுகாப்பானவையா?
*வாசகர், சேலம்*

அமெரிக்காவின் ரோகுவைப் பாருங்கள். டிவியில் ஸ்ட்ரீமிங் பார்க்க உதவும் கருவியை அடக்கவிலைக்கும் கீழே விற்று, பிறகு விளம்பரத்திலும் சந்தாப் பங்கிலும் சம்பாதிக்கும் கம்பெனி. 2021 ஜூலையில் பங்கு 479 டாலரைத் தொட்டது. 2022 முடிவில் 40 டாலர் அளவுக்கு வந்துவிட்டது. அதன் மென்பொருள் உள்ள டிவிகளை விற்றுவந்த வால்மார்ட், 2024 டிசம்பரில் போட்டிக் கம்பெனியான விசியோவை வாங்கிக்கொண்டது. ஒரே பெரிய கடையை நம்பியிருந்தால் வரும் ஆபத்து இது.

நம்மூரில் எனக்குப் பிடித்த வகை, பழைய பாடல் உரிமை வைத்திருக்கும் சரிகம போன்றவை. எடுத்த செலவு என்றோ தீர்ந்துவிட்டது. யார் எந்த ஆப்பில் கேட்டாலும் காசு. ஆனால், ரெஸ்ஸோ போன்ற பாட்டு ஆப்கள் 2024-இல் மூடப்பட்டதுபோல வாங்குபவர் குறைந்தால் வருமானமும் குறையும். புதுப்பட இசைக்குக் கொடுக்கும் முன்பணத்தையும் கவனியுங்கள்.

நெட்ஃபிளிக்ஸ் பங்கை மாதம் 5,000 ரூபாய்க்கு வாங்க ஆசை. நடைமுறை என்ன?
*வாசகி, கோயம்புத்தூர்*

வெளிநாட்டுப் பங்கு வாங்க உதவும் புரோக்கரிடம் கணக்கு தொடங்கி, தனிநபர்கள் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப அனுமதிக்கும் ரிசர்வ் வங்கியின் எல்ஆர்எஸ் திட்டத்தில் வங்கி வழியாக டாலர் அனுப்ப வேண்டும். வரம்பு ஒரு நிதியாண்டுக்கு 2.5 லட்சம் டாலர். ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் தொகைக்கு 20% டிசிஎஸ் (முன்கூட்டியே வசூலிக்கும் வரி) பிடிப்பார்கள். வருமான வரி ரிட்டர்னில் அதைக் கழித்துக்கொள்ளலாம்.

மாதம் 5,000 அனுப்புவதுதான் தவறு. வங்கி ஒரு தடவைக்கு 500 ரூபாய் கட்டணம் வாங்கினால் வாங்கும்போதே 10% போயிற்று. டாலர் மாற்று விகிதத்தில் போவது தனி. இங்கேயே சேர்த்துவைத்து, ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை மட்டும் அனுப்புங்கள்.

24 மாதங்களுக்குப் பிறகு விற்றால் லாபத்துக்கு 12.5% வரி, அதற்குள் விற்றால் உங்கள் வருமான வரி அடுக்குப்படி. இந்தியப் பங்குகளுக்கு உள்ள 1.25 லட்சம் ரூபாய் விலக்கு இதற்குக் கிடையாது. நெட்ஃபிளிக்ஸ் டிவிடெண்ட் தருவதில்லை. ஒரே ஒரு பங்கு வைத்திருந்தாலும் ஐடிஆர்-1 என்ற எளிய ரிட்டர்ன் படிவத்தைத் தாக்கல் செய்யக் கூடாது. ஐடிஆர்-2-இல், வெளிநாட்டுச் சொத்துகளைக் காட்டும் ஷெட்யூல் எஃப்ஏ பகுதியை நிரப்ப வேண்டும். அங்கே கேட்பது ஏப்ரல் - மார்ச் கணக்கு அல்ல, ஜனவரி - டிசம்பர் கணக்கு. ஆகவே டிசம்பர் 31 தேதியிட்ட புரோக்கர் ஸ்டேட்மென்ட்டை அப்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.