ஈரலில் தொடங்கிய வேலை

கேள்வி: மகள் பயோடெக்னாலஜி இரண்டாம் ஆண்டு. பழங்கால எலும்பில் டி.என்.ஏ. எடுக்கும் வேலைக்குத்தான் போவேன் என்கிறாள். யாரோ ஸ்வாந்தே பாபோவாம், அவர் படத்தைச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். இது சோறு போடுமா?
- வாசகி, பாபநாசம்

பதில்: சுவரில் இருப்பவர் லேசுப்பட்ட ஆள் இல்லை அம்மா, நோபல் வாங்கிய விஞ்ஞானி. 1955-இல் ஸ்டாக்ஹோமில் பிறந்தவர், வளர்த்தது அம்மா மட்டும்தான். 13 வயதில் அம்மாவோடு எகிப்து போய் மம்மிகளைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு அந்தக் கிறுக்கு அப்புறம் விடவே இல்லை. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் வைரஸ் பற்றி பிஎச்.டி. செய்துகொண்டிருந்தபோது, செத்த திசு காய்ந்த பிறகும் அதில் டி.என்.ஏ. மிஞ்சுமா என்று பார்க்க, கடையில் ஈரல் வாங்கி வந்து, வழிகாட்டிக்குத் தெரியாமல் ஆய்வகத்துச் சூடேற்றும் அடுப்பில் (oven) 50 டிகிரியில் நாள்கணக்கில் காயவைத்திருக்கிறார். நாற்றம் கிளம்பி மாட்டிக்கொள்ளப் பார்த்தார், ஆனால் டி.என்.ஏ. கிடைத்தது.

அப்புறம் 1985-இல் மம்மியில் டி.என்.ஏ. எடுத்துவிட்டதாக 'நேச்சர்' இதழில் கட்டுரை. அது மம்மியுடையதே இல்லை, தொட்டவர்களின் கையிலிருந்து ஒட்டியதாக இருக்கலாம் என்று பின்னாளில் அவரே ஒத்துக்கொண்டார் பாருங்கள், எனக்கு நோபலைவிட அதுதான் பெரிதாகப் படுகிறது. பிறர் டி.என்.ஏ.வுக்கு நடுவே பழசைத் தேடுவது, ஒரு மூட்டைப் பொன்னியில் பத்து மாப்பிள்ளைச் சம்பா நெல்லைப் பொறுக்குகிற வேலை. நல்லவேளை, டி.என்.ஏ. என்பது ஏ, சி, ஜி, டி என்ற நாலு எழுத்துச் சங்கிலி; பழைய டி.என்.ஏ.வின் முனைகளில் 'சி' என்ற எழுத்து சிதைந்து 'டி' போலத் தெரியும், அதை வைத்துத்தான் பழசு எது, நம் கை எது என்று பிரிக்கிறார்கள். 1997-இல் நியாண்டர்தால் என்ற, அழிந்துபோன பங்காளி மனித இனத்தின் எலும்பிலிருந்து கொஞ்சம் டி.என்.ஏ., 2010-இல் முழு மரபணுத் தொகுதியின் முதல் வரைவு, 2022-இல் நோபல். அந்தப் போன் வந்தபோது, ஸ்வீடனில் இருக்கும் தன் கோடைவீட்டில் புல்வெட்டி கெட்டுப்போன சேதி என்றுதான் நினைத்தாராம்.

சோறு போடும், மெதுவாக. மதுரை காமராசர் பல்கலைக்கழகம், லக்னோவில் பீர்பால் சாஹ்னி நிறுவனம், ஹைதராபாத்தில் சிசிஎம்பி என்ற உயிரணு, மூலக்கூறு உயிரியல் ஆய்வு மையம் என்று நம்மிடமே இதற்கு இடம் இருக்கிறது. மகளைப் புள்ளியியலும் கொஞ்சம் கம்ப்யூட்டரும் இப்போதே படிக்கச் சொல்லுங்கள், இந்த வேலையில் பாதிநாள் அதன் முன்னால்தான் போகும்.

கேள்வி: போர்செட்டுக்குக் குழி வெட்டினபோது தாழி வந்தது, உள்ளே எலும்பு. டி.என்.ஏ. எடுக்கலாமா?
- வாசகர், மன்னார்குடி

பதில்: முதலில் கழுவாதீர்கள், மஞ்சள் குங்குமம் வைக்காதீர்கள், கையால் தொடவே தொடாதீர்கள், விஏஓவிடம் சொல்லுங்கள். ஆனால் ஆசையை வளர்த்துக்கொள்ள வேண்டாம். சூடும் ஈரமும் டி.என்.ஏ.வுக்கு எமன், நம் வண்டலில் இரண்டுமே உண்டு. ஹரியானாவில் சிந்துவெளிக் காலத்து ஊரான ராக்கிகடியில் எத்தனையோ எலும்புகளைச் சோதித்து, 2019-இல் ஒரே ஒரு பெண்ணுடையதுதான் தேறியது. மண்டையோட்டில் உள்காதைச் சுற்றிக் கல் மாதிரி இறுகிய எலும்பு ஒன்று உண்டு. அது உடையாமல் இருந்தால் ஒரு வாய்ப்பு.

கேள்வி: என் வீட்டுக்காரர் கோபத்தைப் பார்த்தால் நியாண்டர்தால் வம்சமோ என்று சந்தேகம்.
- வாசகி, திருவையாறு

பதில்: சந்தேகமே வேண்டாம். ஆப்பிரிக்காவுக்கு வெளியே பரவியவர்களின் வழிவந்த எல்லோரிடமும் சுமார் 1 முதல் 2 சதவீதம் அது இருக்கிறது. உங்களிடமும்தான்.